ஆங்கரை இழுத்துப் பார்க்காத நாள்

நேற்று சின்னவள் பாடப் புத்தகத்தை விரித்துக்கொண்டு, "அப்பா, ஆங்கர்னா என்னப்பா?" என்று கேட்டாள். மொட்டைமாடிச் சுவரில் பதித்திருக்கும் இரும்பு வளையம் என்றேன்.

பெரியவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஐயோ அப்பா, கப்பலை நிறுத்தக் கடல்ல போடுவாங்களே, நங்கூரம், அதுப்பா!"

"டிவியில மைக் புடிச்சிப் பேசுற அக்காவும் ஆங்கர்தானே?" என்றாள் சின்னவள்.

"கோலார்ல பொறந்த மனுஷன், கடலை எங்க கண்டாரு?" என்றாள் அடுப்படியிலிருந்து உங்கள் அம்மா.

நானும் சிரித்தேன். ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்று உங்கள் இரண்டு பேருக்கும் எழுதுகிறேன்.

கடலில் அது எப்படிப் பிடிக்குமோ தெரியாது. எங்கள் வேலையில் அதுதான் உயிர். கண்ணாடிக் கட்டடங்களைத் துடைக்க, மாடியிலிருந்து கயிற்றில் தொங்கி இறங்குவோம். கயிறு அந்த வளையத்தில்தான் கட்டியிருக்கும். தன் ஆங்கரைத் தானே சோதிக்கக் கூடாது என்பது எங்களுக்குள் வழக்கம். அவனவன் கட்டியது அவனவன் கண்ணுக்குச் சரியாகத்தான் தெரியும். கூட இருப்பவன் சுவரில் கால் ஊன்றி, உடம்பு பாரத்தையெல்லாம் போட்டு மூன்று தரம் இழுத்துப் பார்த்து, "கெட்டி" என்பான். அப்புறம்தான் இறங்குவது.

லிங்கராஜபுரத்தில் இப்போது சக்கர நாற்காலியில் இருக்கும் உங்கள் மாமாவும் நானும்தான் ஜோடி. அன்று காலை மழை பெய்து ஓய்ந்திருந்தது. சூப்பர்வைசர் கன்னடத்தில் "பேகா, பேகா" என்று அவசரப்படுத்தினார். மாமா கயிற்றைக் கட்டிக்கொண்டு, "இன்னா மாப்ள, இழுத்துப் பாத்துட்டியா?" என்று கேட்டார். என் கையில் டீ இருந்தது. சூடாக இருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "கெட்டி மச்சான், இறங்கு" என்றேன்.

"எல்லாத்தையும் நீயே குடிச்சிடாத" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்.

பாதிக்கு மேல் இறங்கியிருப்பார். வளையம் சிமெண்டோடு பெயர்ந்து, என் காலை உரசிக்கொண்டு விளிம்புக்கு அப்பால் போனது.

ஆஸ்பத்திரியில் உங்கள் அம்மா அழுதபோது மாமா, "நான்தாம்மா மாப்ளைய கேக்காம அவசரத்துல இறங்கிட்டேன்" என்றார். நான் தலை குனிந்து நின்றேன். இத்தனை வருஷமாக நம் வீட்டில் அதுதான் கதை. ஞாயிற்றுக்கிழமை போனால் அவர் நாற்காலியைத் தள்ளி விளையாடுகிறீர்கள். "அறிவிருக்கா மாமா, ஏன் கேக்காம இறங்குனீங்க?" என்று பெரியவன் திட்டுகிறான். அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்கிறார்.

அவர் கேட்டார். நான்தான் எழுந்து போகவில்லை.

வருகிற ஞாயிறு நீங்கள் அவரிடம் போய்க் கேட்பீர்கள். "உங்கப்பன் சும்மா சொல்றான், போங்கடா" என்பார். அவரை நம்பாதீர்கள்.