முப்பத்தோராம் பெட்டி

எண்ணெய் டின்னை வெட்டிச் செய்த குவளையில் தண்ணீர் மொண்டு கல்லின் மேல் ஊற்றுவார். உள்ளங்கையால் ஒரு தேய்ப்பு. பிறகு அதைத் தூக்கி, வாசலில் விழும் வெயிலுக்குச் சாய்ப்பார். காய்ந்து கிடக்கும்போது சாம்பல் நிறமாயிருக்கிற கல், ஈரம் பட்டதும் மஞ்சள் மஞ்சளாக மின்னும். "பாத்தியா, இன்னும் உசுரோடதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடுவார். இருபத்தாறு வருடமாக, காலையில் வந்ததும் டிசாவுகே ஜேரே என்ற அந்த அம்மாள் செய்த முதல் வேலை இது. யாரும் செய்யச் சொன்னதில்லை.

அவருக்குக் கிடங்குக் காவல். கசென்ஜே மேட்டில் செம்பு இருக்கிறதா என்று துளை போட்டுப் பார்த்தார்கள். அப்போது பூமிக்குள்ளிருந்து மணிக்கட்டுப் பருமனில் நீள நீளமாக எடுத்த கற்கள் தொள்ளாயிரம் பெட்டிகளில் இங்கே அடுக்கிக் கிடக்கின்றன. தகரக் கூரை. அக்டோபரில் உள்ளே நின்றால் மண்டை வெந்துவிடும். பெட்டிகளெல்லாம் மரம், ஆகவே கறையானோடு தினமும் சண்டை. பழைய என்ஜின் ஆயிலில் துணியை நனைத்து அடுக்குகளின் கால்களுக்குப் பூசுவார். பூசிக்கொண்டே கறையானைத் திட்டுவார். அந்த வார்த்தைகளைப் பத்திரிகையில் போட முடியாது.

எனக்குக் கல் அறுக்கிற வேலை. நான் பெம்பா, அவர் என்கோனி. சாம்பியாவில் இந்த இரண்டு கூட்டமும் சந்தித்துக்கொண்டால் கேலி பேசியே ஆகவேண்டும், பேசாவிட்டால்தான் மரியாதைக் குறைவு. மதியம் அவர் மக்காச்சோளக் களியையும் உலர்த்திய வயல் எலியையும் பிரித்து வைப்பார்.

"அமாய், அந்த வால் இன்னும் ஆடுதே" என்பேன். அமாய் என்றால் அவர்கள் பேச்சில் அம்மா.

"வாயை மூடுடா குரங்குதின்னி. மரத்துல தொங்குறது சொந்தக்காரன்னுகூடப் பாக்காமத் தின்னுறவன், நீ என் எலியைச் சொல்ல வந்துட்டே."

கல்லைச் சோதிக்க வரும் வெளிநாட்டு நிபுணர்களின் பெயர் எதையும் அவர் சொல்ல மாட்டார். எல்லாருக்கும் அவரே பெயர் வைத்திருக்கிறார். முதலில் வந்தவர் கல்லை நெடுக அறுத்துப் பாதியைக் கொண்டுபோனார். அவர் 'அரை'. அடுத்தவர் மிச்சத்தில் பாதி எடுத்தார். அவர் 'கால்'. மூன்றாமவர் அதிலும் பாதி எடுத்தார். அவர் 'அரைக்கால்'. எடுத்ததற்கு அடையாளமாகப் பெட்டியில் ஒரு மரக்கட்டை வைத்து, அதில் பெயரும் தேதியும் எழுத வேண்டும் என்பது தொழில் விதி. எல்லாருக்கும் முப்பத்தோராம் பெட்டிதான் வேண்டும், செம்பு அதில்தானே இருக்கிறது. வர வர அந்தப் பெட்டியில் கல் குறைந்து கட்டை கூடிக்கொண்டே போயிற்று. கடைசியில் விரல் தடிமனுக்கு ஒரு சீவல் மிஞ்சியது. தினமும் டிசாவுகே குளிப்பாட்டியது அதைத்தான்.

அறுத்துக் கொடுத்தவன் நான். எனக்கே அலுத்துவிட்டது. மூன்று பேரும் மூன்று தடித்த அறிக்கை எழுதினார்களாம். ஒன்றுகூடக் கிடங்குப் பக்கம் வரவில்லை. கம்பெனி கைமாறும், புது நிபுணர் இறங்குவார், பழைய ஆளின் கணக்கை நம்பமாட்டேன் என்பார், மறுபடியும் ரம்பத்தை எடு. டிசாவுகே மட்டும் விடவில்லை. ஒவ்வொருவருக்கும் கடிதம் மேல் கடிதம் போட்டு, நச்சரித்து, முடிவை வாங்கிப் பெட்டி மூடியின் உட்பக்கம் பென்சிலால் எழுதி வைத்தார். நூறு கிலோ கல்லில் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே செம்பு. மூன்று முறையும் அதேதான்.

அவருடைய அவசரம் வேறு. மேட்டுச் சரிவில் இருக்கிற சோளக்காடு அவருடையது. துளை போட்ட வருடம் அதைச் சுற்றிக் கம்பி வேலி கட்டினார்கள். சுரங்கம் வந்தால் நஷ்டஈடு, வராவிட்டால் நிலம், அதுவரை மண்வெட்டி வைக்காதே என்றார்கள். வாயை அடைக்கக் காவல் வேலையையும் கொடுத்தார்கள். இன்றைக்கு வேலிக்குள் ஆள் உயரப் புல் நிற்கிறது, அவர் சந்தையில் சோளமாவு வாங்குகிறார். வருகிற நிபுணரிடமெல்லாம் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "சுரங்கமா, சோளமா? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

போன செவ்வாய்க்கிழமை நாலாவது ஆள் வந்தார். மார்ட்டென்ஸ் என்று பெயர். குறை சொல்ல முடியாத மனுஷன். தொப்பியைக் கழற்றிவிட்டு, எங்கள் ஊரில் மரியாதைக்குச் செய்வதுபோலவே இடக்கையால் வலது முழங்கையைத் தாங்கிக் கை கொடுத்தார். எலியை நீட்டியபோதுகூட முகம் சுளிக்கவில்லை. பிறகு முப்பத்தோராம் பெட்டியைக் கேட்டார்.

"எவ்வளவு வேணும்?" என்றார் டிசாவுகே.

"முழுசும் வேணும், மிஸஸ் ஜேரே. இருக்கிறதே கொஞ்சம். இதுக்கும் குறைஞ்சா ஆய்வுக்கூடத்துல வாங்க மாட்டாங்க."

டிசாவுகே மூடியைத் திருப்பிக் காட்டினார். "இதைப் பாருங்க. மூணு பேரு, ஒரே எண்ணு. கல்லு மாறவே இல்ல. வர்ற ஆளுங்கதான் மாறுறீங்க."

"இது பென்சில்ல எழுதினது. எங்க கம்பெனி ஒத்துக்காது. நாங்களே பாத்தாத்தான் நம்புவாங்க."

"பாத்துட்டுச் சொல்லிடுவீங்களா? சுரங்கமா, சோளமா?"

"அது என் கையில இல்லம்மா. நான் அறிக்கை குடுப்பேன். மேல இருக்கிறவங்க முடிவு பண்ணுவாங்க."

"அறிக்கையில ஒரு நகல்?"

"தலைமை அலுவலகம் அனுப்பும்."

டிசாவுகே என் பக்கம் திரும்பினார். "கபாசோ, கேட்டியா? அனுப்புமாம்."

"கேட்டேன் அமாய்."

"உன் ரம்பத்தை எடுத்து என் காதை அறுத்துப் போடு. இருபத்தாறு வருஷமா இதையே கேட்டுக் கேட்டுப் புளிச்சுப்போச்சு."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு மார்ட்டென்ஸிடம் கேட்டார். "கட்டைவிரல் அளவு விட்டுட்டுப் போங்க. என் நிலத்தை ஏன் அடைச்சு வச்சிருக்குன்னு ஊர்ல கேக்குறாங்க. இவ்வளவு நாளும் இதைத்தான் காட்டினேன். இதுவும் போச்சுன்னா எதைக் காட்டுவேன்?"

மார்ட்டென்ஸ் பின்கழுத்தைச் சொறிந்தார். உண்மையாகவே சங்கடப்பட்டார், அதில் பொய் இல்லை. ஆனால் ஆய்வுக்கு ஒரு மீட்டர் நீளக் கல் என்றால் முழு மீட்டர், துண்டு விழுந்தால் கணக்கு கெட்டுவிடும் என்றார். நகரத்து அலுவலகம் கையெழுத்துப் போட்ட கடிதம் அவர் பையில் இருந்தது. அதை மறுத்தால் டிசாவுகேவுக்கு இருக்கிற காவல் வேலையும் போகும். டிசாவுகே தானே கல்லை எடுத்துத் துணிப்பையில் போட்டு, வாயை இரண்டு முடிச்சாகக் கட்டிக் கொடுத்தார். அறுக்க எதுவும் இல்லாததால் நான் ரம்பத்தின் பக்கத்தில் சும்மா நின்றேன். மார்ட்டென்ஸ் ஒரு புதுக் கட்டையில் நீலப் பேனாவால் பெயரும் தேதியும் அழகாக எழுதி வைத்துவிட்டு, நன்றி சொல்லிப் புறப்பட்டார். வண்டி கிளப்பிய புழுதி அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"கல்லை இவங்க தின்னு முடிச்சாச்சு" என்றார் டிசாவுகே. "கட்டையைக் கறையான் தின்னும். நான் எதைத் தின்னுறது, சொல்லு?"

"எலி இருக்கே அமாய்" என்றேன்.

குரங்கைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் அது முதல் முறை.

மறுநாள் காலை நான் வந்தபோது கிடங்கு திறந்திருந்தது. முப்பத்தோராம் பெட்டியின் மூடி கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. டிசாவுகே குவளையில் தண்ணீர் மொண்டு, மார்ட்டென்ஸ் பெயர் எழுதிய கட்டையின் மேல் ஊற்றினார். உள்ளங்கையால் ஒரு தேய்ப்பு. பிறகு அதைத் தூக்கி, வாசல் வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தார்.