கரவனில் நான் அடைத்த ஓட்டைகள்

எங்கள் வீட்டு முன்வாசலில் ஏழு வருடம் ஒரு கரவன் நின்றது. காரின் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகிற பெட்டி வீட்டைத்தான் சொல்கிறேன். அதை வைத்திருப்பதா, கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குவதா என்று தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வசந்தகாலம் முழுக்க நானும் என் கணவரும் இழுபறிப்பட்டோம். அவர் வைத்திருப்போம் என்றார். நான் மாற்றுவோம் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அவர் சொன்ன காரணங்கள் எல்லாம் உண்மை. நானும் பல காரணங்கள் சொன்னேன், உண்மையான ஒன்றைத் தவிர.

அவர் அப்போது குரொய்டன் பக்கம் ஒரு பெற்றோல் செட்டில் ஷிப்ட் வேலை. அங்கே வாடிக்கையாக வருகிற வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர், மனைவி இறந்தபின் தனியே எங்கே போவது என்று அந்தக் கரவனை இவரிடம் தள்ளிவிட்டார். அப்போதே அதற்குப் பத்து வயதுக்கு மேல். கோயில் யானையை அவிழ்த்துக்கொண்டு வந்தவர் மாதிரி இவர் அதைத் தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் தெருவுக்குள் கொண்டுவந்தார்.

"கார் நிப்பாட்டவே இடமில்லை. உதை எங்கை கட்டப் போறியள்?" என்று கேட்டேன்.

"இதுக்கு வீட்டுக்காரன் இல்லையப்பா," என்றார். "ஆரும் வந்து வெளியிலை போ எண்டு சொல்ல ஏலாது."

அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டின் மேலறையில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர் கீழே. ஒருநாள் நான் வெங்காயமும் பெருஞ்சீரகமும் தாளித்தேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல், தை மாதக் குளிரில், வீட்டுக் கதவு யன்னல் அத்தனையையும் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார். இரண்டு நாள் கழித்து, ஒரு மாதத்தில் அறையை விடவேண்டும் என்று எழுதிய தாள் எங்கள் கதவடியில் கிடந்தது. எனக்கு அப்போது வயிற்றில் ஏழு மாதம். யாழ்ப்பாணத்திலிருந்து குண்டுக்குப் பயந்து வந்தவள் நான். இங்கே வெங்காயத்துக்குப் பயப்படத் தொடங்கினேன். மேற்கோட்டுகளைப் பொலித்தீன் பையில் கட்டி வைப்பேன். பஸ்ஸில் ஏறியதும் என் பின்னல் நுனியை நானே முகர்ந்து பார்ப்பேன். அரசாங்கத்தின் கவுன்சில் வீடு கிடைத்து, பிறகு சொந்த வீடு வாங்கியும் அந்தப் பயம் போகவில்லை.

கரவனில் முதல் பயணம் கென்ற் பக்கம், கடலோரப் புல்வெளி ஒன்றுக்கு. எங்கள் மகளுக்கு அப்போது இரண்டு வயது. வரிசை வரிசையாகக் கரவன்கள். எல்லாரும் ரொட்டித் துண்டும் குளிர்ந்த இறைச்சியுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, நான் மீன் பொரித்தேன். பக்கத்துக் கரவன் பெண் சாய்கதிரையிலிருந்து எழுந்து போய்த் தன் யன்னலை மூடினாள். மூடும்போது என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள்.

"குளிருக்குப் பூட்டுறா," என்றார் இவர்.

"யூலை மாதத்திலை என்ன குளிர்?"

அவர் இரண்டாவது துண்டு மீனை எடுத்தார். நான் அடுப்பை நிறுத்திவிட்டு, மணம் எதனால் வெளியே போகிறது என்று தேடினேன். யன்னல்களை மூடியாயிற்று. இருக்கைப் பெட்டிகளின் மூடியைத் தூக்கிப் பார்த்தால், தரையில் கையகலத்துக்குக் கம்பிவலை போட்ட ஓட்டைகள். அடுப்புப் பக்கம் ஒன்று, கதவடியில் ஒன்று, கூரையிலும் ஒன்று. கிழவர் சுருட்டுப் பிடிக்கிறவர், புகை போவதற்கு வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் பழைய கம்பளி ஒன்றைச் சதுரம் சதுரமாக வெட்டி, பொலித்தீனில் சுற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் திணித்து, மேலே அகலமான ஒட்டுநாடா ஒட்டினேன். கூரை ஓட்டைக்குப் பழைய தலையணைப் பஞ்சு. தையல்காரி மாதிரி அளவெடுத்துத்தான் செய்தேன். அவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் பகிடி பண்ணியே என்னைக் கொன்றுவிடுவார்.

அதன்பிறகு எங்கள் கரவனிலிருந்து ஒரு சொட்டு மணம் வெளியே போகவில்லை. சோறு, பிட்டு, இடியப்பம் எல்லாம் அவித்தேன். காலையில் யன்னல் கண்ணாடிகளில் தண்ணீர் வழிந்து ஓடும். துவாயால் துடைப்பேன். "எங்கடை கரவனுக்கும் வேர்க்குது," என்று இவர் சிரிப்பார்.

மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது ஈஸ்டர் விடுமுறைக்குப் போனோம். மழையும் குளிரும். விடிந்ததும் இவர் காஸ் ஹீற்றரை மூட்டினார். நான் அடுப்பில் பிட்டுப் பானையை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் தலை பாரமாக இருந்தது. இவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கையிலிருந்து நழுவவிட்டார், குனிந்து எடுக்கவும் இல்லை. பிட்டு வெந்ததும் மகளைக் கூப்பிட்டேன். எழும்பவில்லை. உலுக்கினேன். தலை ஒரு பக்கம் சரிந்தது. கன்னம் இரண்டும் சிவந்து, நல்ல வடிவாக இருந்தாள்.

நான் கத்திய கத்தலில் இவர் கதவை உதைத்துத் திறந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் ஓடினார். ஈரப் புல்லில் வைத்துப் பெயர் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு வயிற்றில் இருந்ததெல்லாம் சத்தி எடுத்தாள். கண் திறந்து, "ஏன் அம்மா வெளியிலை படுத்திருக்கிறன்?" என்று கேட்டாள்.

முதல்நாள் சாப்பிட்ட நண்டுதான் காரணம் என்றார் இவர். டொக்டரிடமும் நண்டைத்தான் சொன்னோம், அவரும் நண்டு என்றார். எனக்கோ வேறு கணக்கு. முதல்நாள் கடைக்காரி ஒருத்தி மகளின் தலைமயிரைத் தடவி, எவ்வளவு நீளம் என்று வாயூறியிருந்தாள். நாவூறுதான், கண்பட்டுவிட்டது. வீட்டுக்கு வந்து உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றிப் போட்டேன். ஆனாலும் அந்தக் கரவனுக்குள் கால் வைக்கப் பயமாக இருந்தது. ஏன் என்று எனக்கே தெரியாது. அதன்பிறகு கோடையில் மட்டும், ஹீற்றர் போடாத நாட்களில் போனோம். அதுதான் எங்கள் அதிர்ஷ்டம்.

இரண்டு வருடம் கழித்துக் கரவனின் தரை காலடியில் பஞ்சு மாதிரி அமிழத் தொடங்கியது. திருத்தலாமா, மாற்றத்தான் வேண்டுமா என்று பார்த்துச் சொல்ல, இவர் ஒரு கரவன் மெக்கானிக்கை வரச் சொன்னார். அவன் வந்த சனிக்கிழமை இவருக்கு வேலை. நான்தான் கூட நின்றேன். நரைத்த தாடிக்காரன், ஆறுதலாகப் பேசுகிறவன். ஒரு ஸ்குரூ டிரைவரைத் தரையில் வைத்து அமத்தினான். ஈரப்பாணுக்குள் இறங்குவது போல அது இறங்கியது. இவ்வளவு ஈரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டபடி இருக்கைப் பெட்டியைத் திறந்தான். ஒட்டுநாடாவைப் பார்த்தான். கம்பளியை இழுத்து எடுத்தான். அடுத்த பெட்டி, அடுத்த ஓட்டை, கடைசியாகக் கூரை. எல்லாவற்றையும் புல்லில் குவித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

"இதை யார் செய்தது?"

"முந்தி வைத்திருந்தவர்," என்றேன். அந்தக் கிழவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

அவன் தலையை ஆட்டினான். அவை காஸுக்காக வைத்த ஓட்டைகள் என்றான். அவற்றை அடைத்துவிட்டு அடுப்பும் ஹீற்றரும் எரித்தால் ஒரு நச்சுக்காற்று நிரம்பும், அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தலையிடிக்கும், நித்திரை வரும், பிறகு எழும்பமாட்டீர்கள் என்றான். "பிள்ளைகள் இருக்கிறார்களா?"

"ஒன்று," என்றேன்.

"அப்படியென்றால் அந்த மனிதர் உங்கள் பிள்ளையைக் கொல்லப் பார்த்தார்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் புல்லில் கிடந்த கம்பளித் துண்டுகளைப் பார்த்தேன். கத்தரிக்கோலின் வெட்டு அவ்வளவு நேர். எல்லாவற்றையும் கறுப்புப் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியின் அடியில் போட்டு, மேலே சமையல் குப்பையைக் கொட்டினேன். இவர் வேலையால் வந்ததும், தரை முழுக்க உக்கிப்போச்சாம், மாற்றத்தான் வேணுமாம் என்று மட்டும் சொன்னேன்.

அன்றிலிருந்து நான் மனுசியாக இல்லை. மகள் பகலில் சோபாவில் கண்ணயர்ந்தாலும் மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பேன். அவளுக்குக் கன்னம் சிவந்தால் ஓடிப்போய் யன்னலைத் திறப்பேன். ஈரப் புல்லில் அவளைக் கிடத்தி அழுத மனிதருக்கு, அதைச் செய்தது நான் என்று எப்படிச் சொல்வது? மன்னிப்பாரா மாட்டாரா என்று நான் யோசிக்கவில்லை. பிள்ளையை இனி என்னிடம் நம்பி விடமாட்டார் என்றுதான் பயந்தேன். கரவன் வாசலைவிட்டுப் போனால் எல்லாம் அதோடு போய்விடும் என்று நம்பினேன்.

"தரையைப் புதுசா அடிச்சா இன்னும் பத்து வருஷம் ஓடும்," என்பார் இவர்.

"எனக்கு உது வேண்டாம்."

"ஏனப்பா இப்பிடி அந்தரப்படுறீர்? அவன் வேறை ஏதும் சொன்னவனோ?"

"இல்லை," என்பேன். ஒவ்வொரு முறையும் இல்லை என்பது முந்தியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

கடைசியில் என் அழுகைக்கு அவர் இறங்கி வந்தார். கோலியர்ஸ் வுட்டில் ஒரு இளம் தமிழ்க் குடும்பம், அந்தப் பெடியன் தச்சுவேலை தெரிந்தவன், தரையைத் தானே போட்டுக்கொள்வான் என்று யாரோ சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தார்கள். ஆண்கள் இருவரும் டோர்ச்சோடு கரவனின் அடியில் படுத்துக் கிடந்தார்கள். நானும் அந்தப் பெண்ணும் உள்ளே. கைக்குழந்தையை இருக்கையில் கிடத்திவிட்டு, அவள் அலுமாரிகளைத் திறந்து மூடிப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, இதுக்குள்ளை சமைச்சா மணம் வெளியிலை போகுமோ?"

அவள் கதவடியில் குனிந்து, ஓட்டைமேல் கையை விரித்துப் பார்த்தாள். "ஓ, இதாலைதான் காத்து வருது. ஒரு துணியை வச்சு அடைச்சா சரி."

"அடைக்கக் கூடாது," என்றேன். "ஆபத்து."

"சின்னத் துணிதானே அக்கா," என்று சிரித்தாள். "எங்கடை பக்கத்து வீட்டுக்காரி மூக்கைப் பொத்திறதை நீங்கள் ஒருக்காப் பார்க்கோணும். குழந்தைக்கும் குளிரெல்லே."

அவள் அடைப்பாள். எனக்கு அது அச்சொட்டாகத் தெரிந்தது. நான் ஆபத்து என்று நூறு தரம் சொன்னாலும், தலையை ஆட்டிவிட்டு, முதல் பயணத்தில் முதல் யன்னல் மூடப்பட்டதும் அடைப்பாள். குழந்தை இருக்கையில் காலை உதைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தது.

"நான் அடைச்சனான்," என்றேன். "எல்லா ஓட்டையும் நான்தான் அடைச்சனான், மணம் போகக் கூடாதெண்டு. ஒருநாள் விடியக் காஸ் அடுப்பை மூட்டினாப் பிறகு என்ரை பிள்ளை எழும்பேல்லை. செத்துப்போச்செண்டு நினைச்சம். நண்டில்லை, நாவூறில்லை. நான்தான்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலால் கதவைப் பார்த்தாள். திரும்பினேன். இவர் படியில் நின்றார், முழங்கையெல்லாம் சேறு, கையில் எரிகிற டோர்ச்.

"அண்டைக்கோ?" என்று கேட்டார்.

"ஓம்."

டோர்ச்சை நிறுத்தாமலே அப்படியே படியில் உட்கார்ந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருவைப் பார்த்தார். மகள் எதிர்ப்பக்க நடைபாதையில் கயிறடித்துக்கொண்டிருந்தாள். அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் அந்தக் கரவனை எடுக்கவில்லை. நாங்களும் வைத்திருக்கவில்லை. அடுத்த கிழமை அதை உடைக்கக் கொடுத்தோம். அந்தக் கிழமை முழுக்க இவர் என்னோடு தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. மகளைப் பள்ளிக்கூடம் கூட்டிப் போவதையும் அவரே செய்தார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பெண் குழந்தையை வாரித் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்ட பிறகும், அவளுக்குத் தன் கேள்வி தீரவில்லை. பாவம், மெல்லத்தான் கேட்டாள்.

"அப்ப மணத்துக்கு என்னக்கா செய்யிறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மேலறையில் இருந்த நாளிலிருந்து நான் அதற்குப் பதில் தேடிக்கொண்டுதான் இருந்தேன். படியில் இருந்தவர் திரும்பாமலே சொன்னார்.

"மணக்கட்டும், பிள்ளை."