பின் சீட்டில் முப்பத்தேழு டிகிரி

இதை ஏற்கெனவே நாலு பேரிடம் சொல்லிச் சிரிப்புக்கு ஆளானவன் நான். நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் அன்று நான் குடித்திருக்கவில்லை. தூக்கக் கலக்கமும் இல்லை. இருட்டக்கூட இல்லை, மணி மாலை நாலு இருபதுதான். கையில் கருவி இருந்தது. அது காட்டிய எண்ணை என் கண்ணால் பார்த்தேன்.

என் பெயர் கர்தோனோ. ஐயா என்கிற மாதிரி எல்லோரும் ‘பாக்’ என்று கூப்பிடுவார்கள். வோனோசோபோவிலிருந்து தியெங் மலைக்கு ஏறும் சாலையில் இருபத்திரண்டு வருடமாக வண்டிப் பட்டறை வைத்திருக்கிறேன். ஜூலை வந்தால் எங்கள் பக்கம் உருளைக்கிழங்குச் செடிமேல் பனி வெள்ளையாக உறைந்து கிடக்கும்.

போன வருடம் அப்படி ஒரு ஜூலைப் புதன்கிழமை. துமினா தன் வேனை ஓட்டிக்கொண்டு வந்தாள். சந்தைக்குக் காய்கறி கொண்டுபோகிறவள், முப்பது வயதிருக்கும். வேன் பழசு. மகெலாங்கில் ஒரு தரகரிடம் ஒரு மாதத்துக்கு முன்தான் வாங்கியிருந்தாள். இடுப்பில் அவள் மகன் பகஸ், எட்டு மாதக் குழந்தை. அந்தச் சின்னத் தலையில் இரண்டு கம்பளிக் குல்லாய்.

"பாக், இது பெட்ரோல மடக் மடக்குனு குடிக்குது. இந்த முள்ளப் பாருங்க. படாம் தீவுக்கு வேலைக்குப் போன எம் புருஷன் மாதிரி, போன எடத்த விட்டு அசையவே மாட்டேங்குது."

சிரித்துவிட்டேன். சூடு காட்டும் முள் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

"தெர்மோஸ்டாட் போயிருக்கும்மா. அரை நாள் வேலைகூட இல்ல."

என்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் சின்னக் கதவு அது. என்ஜின் சூடாகும் வரை மூடியிருக்கும். சூடானதும் திறந்து தண்ணீரை ஓடவிடும். திறந்தபடியே மாட்டிக்கொண்டால் என்ஜினில் சூடு ஏறாது. பெட்ரோல் எகிறும். தினமும் பார்க்கிற பழுதுதான்.

3.05-க்கு அதைக் கழற்றினேன். அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவைத்து உள்ளே போட்டேன். அழகாகத் திறந்தது. பச்சைத் தண்ணீருக்கு மாற்றினேன். மூடிக்கொண்டது.

பழுதே இல்லை.

சரி, எதற்கும் இருக்கட்டும் என்று புதுசு ஒன்றை மாட்டினேன். முள்ளுக்குச் சூட்டைச் சொல்லும் சென்சாரையும் மாற்றினேன். 3.40-க்கு என்ஜினை ஓடவிட்டேன். நாலு மணி ஆயிற்று. முள் அசையவில்லை. என்ஜின்மேல் கை வைத்தேன். இருபது நிமிடம் ஓடிய என்ஜின், தொட்டால் சுட வேண்டும்.

சில்லென்று இருந்தது. கிணற்றடிக் கல் மாதிரி.

"மேட்டுல ஏத்திப் பாத்துரலாம்" என்றேன். "சும்மா நிறுத்தி வெச்சுப் பாத்தா சரியாத் தெரியாது."

துமினா பின் கதவைத் திறந்து குழந்தையை சீட்டில் நீளவாக்கில் படுக்கவைத்தாள். "இங்கதான் இவனுக்குக் கதகதப்பா இருக்கும், பாக். போட்ட ஒடனே தூங்கிருவான்." பிறகு அவன் விரல்களை ஊதித் தேய்த்தாள். "வண்டி வாங்குனதுலேருந்து கை காலுதான் ஒரேயடியா ஜில்லுனு ஆயிருது. ஆஸ்பத்திரியில சத்து மருந்து குடுத்திருக்காங்க."

4.10-க்குக் கிளம்பினோம். நான் ஓட்டினேன். அவள் என் பக்கத்தில். மூடுபனி சாலையை மூடிக்கொண்டு வந்தது. இரண்டாவது கியரிலேயே மலை ஏறினோம். எந்த என்ஜினாக இருந்தாலும் கொதித்திருக்கும்.

பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது.

இந்த வேனில் ஹீட்டர் கிடையாது. பின்னால் எப்படிக் கதகதப்பு?

நிமிர்ந்து கண்ணாடியில் பார்த்தேன். முன் ஜன்னல்கள் தெளிவாக இருந்தன. பின் ஜன்னல்களில் மட்டும் உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. பலர் மூச்சுவிட்ட மாதிரி...

4.20. ஓரமாக நிறுத்தினேன். என்ஜினை அணைக்கவில்லை. துமினாவும் இறங்கிச் சாலையோரம் நின்றாள். சூடு அளக்கும் கருவியை எடுத்தேன். துப்பாக்கி மாதிரி இருக்கும். நீட்டி அழுத்தினால் சிவப்புப் புள்ளி விழும் இடத்தின் சூட்டைச் சொல்லும்.

சாலையோரப் பாறை, பதினாலு டிகிரி.

ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின், பதினொன்று.

கருவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். என் உள்ளங்கையில் பிடித்தேன். முப்பத்து மூன்று. சரியாகத்தான் காட்டியது.

சூடு மாயமாகப் போகாது. எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும்.

பின் கதவைத் திறந்தேன். சீட்டின் சாய்மானத்தில் புள்ளியை வைத்தேன்.

இடது ஓரம்... முப்பத்தேழு.

கொஞ்சம் நகர்த்தினேன். பதினாலு.

நடுவில்... முப்பத்தேழு.

மறுபடி பதினாலு.

வலது ஓரம்... முப்பத்தேழு.

மூன்று பேர் சாய்ந்து உட்காரும் மூன்று இடங்கள். அவர்கள் மடியில் கிடந்தான் பகஸ்.

குழந்தையின் கன்னத்தில் புள்ளியை வைத்தேன்.

இருபத்தாறு.

இருபத்தைந்து.

இருபத்து நாலு...

"உஷ்... உஷ்... உஷ்..."

தாலாட்டுகிற சத்தம். துமினா என்று நினைத்தேன்.

துமினா எனக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"யாரு பாக்... உள்ள யாரு?"

கருவியை எறிந்துவிட்டுக் குழந்தையைத் தூக்கினேன்.

வரவில்லை.

கனக்கவில்லை. எதிலும் மாட்டவும் இல்லை. யாரோ பிடித்திருந்தார்கள்.

"எம் புள்ளய வுடுங்க!" துமினா கத்தினாள். பாய்ந்துவந்து அவளும் இழுத்தாள்.

வந்துவிட்டான். வீரிட்டு அழுதான்.

அதே நொடி... என்ஜின் உறுமியது. முன்னால் பார்த்தேன். அடியில் கிடந்த முள் விறுவிறுவென ஏறி, சிவப்பைத் தாண்டி முட்டி நின்றது. ரேடியேட்டர் மூடி டப்பென்று தெறித்தது. வெந்நீரும் ஆவியும் சாலையெல்லாம்.

மணி 4.27.

ஓடினோம். உருளைக்கிழங்கு லாரி ஒன்று ஏற்றிக்கொண்டது. துமினா தன் ஜாக்கெட்டுக்குள் குழந்தையை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தாள். பட்டறை வந்து சேர்வதற்குள் அவன் விரல்களில் சூடு திரும்பியிருந்தது. இன்றைக்கு நடக்கிறான், ஓடுகிறான். வேனை எடுக்க அவள் போகவில்லை. நானும் போகவில்லை.

சனிக்கிழமை அந்தத் தரகருக்குப் போன் செய்தேன். முதலில் மழுப்பினார். அந்த வேன் முன்னால் யாரிடம் இருந்தது என்று விடாமல் கேட்டேன்.

"ஒரு குடும்பம், பாக். அப்பா, அம்மா, பன்னெண்டு வயசுப் பொண்ணு. மலைமேல சூரியன் வர்றதப் பாக்கப் போயிருக்காங்க. குளிருக்குக் கண்ணாடியெல்லாம் ஏத்திட்டு, என்ஜின ஓடவிட்டுத் தூங்கிட்டாங்க. புகை உள்ள வந்துருச்சு. மூணு பேரும் பின் சீட்ல ஒட்டிக்கிட்டு..."

"எப்ப அடக்கம் பண்ணாங்க?" ஏன் அதைக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. எங்கள் பக்கம் அன்றைக்கே அடக்கம் செய்துவிடுவது வழக்கம்.

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"மூணு நாள் ஆச்சு, பாக். செத்துட்டாங்கன்னு டாக்டர் மூணு தடவ எழுதிக் குடுத்தாரு. ஆனா குளிப்பாட்டப் போனவங்க மாட்டேன்னுட்டாங்க... கடைசி வரைக்கும் ஒடம்புச் சூடு ஆறவே இல்ல."