பனைமரத்தில் வைரம் இருக்கும் இடம்

முறிந்த பனைத்தடியின் முனையைக் கையில் தூக்கிப் பார்த்தேன். நடுவே வெளுத்த சோறு பஞ்சு போல நைந்து கிடந்தது. ஓரத்தில் மட்டும் கருநார்கள் நாலைந்து, ஊசி ஊசியாக நீட்டிக்கொண்டு நின்றன. அப்போதுதான் பொறி தட்டியது: இந்த மரத்துக்குப் பலமே விளிம்பில்தான்! மெத்தென்ற சோற்றில் பதித்த கம்பிகள் மாதிரி நார்கள். வெளியே போகப் போக நெருக்கம். ஆகா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

சொன்ன நேரம்தான் சரியில்லை. என் அக்காவைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தகப்பனார், பாலமாகப் போட்டிருந்த அந்தத் தடி முறிந்து விழுந்து, எங்கள் வீட்டு முன்னால் ஓடும் கால்வாயில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குக் கை கொடுக்கத் தோன்றாமல் நான் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது.

தடியைப் போட்டது நானேதான். பழையது இற்றுவிட்டது, விருந்தாளிகள் வருமுன் புதுசு போடுகிறேன் என்று என்னைப் பெற்ற ஐயாவிடம் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. ராதாபுரம் பக்கத்திலிருந்து வண்டியில் வந்த முற்றிய பனை, இரண்டாகப் பிளந்த தடி. அதன் கரடுமுரடான மேல்புறம் காலைக் குத்தும். தேக்கில் ஓரத்து வெள்ளையைக் கழித்துவிட்டு நடுவைத்தானே எடுக்கிறோம்? காலேஜ் புத்தகமும் மரத்தின் வைரம், அதாவது கெட்டியான பாகம், நடுவில் என்றுதான் சொன்னது. அது தேக்கு மாதிரி மரங்களைப் பார்த்து எழுதியது, பனைக்குப் பொருந்தாது என்று எனக்கு உறைக்கவில்லை. வாய்ச்சியை எடுத்து ஓரத்துக் கறுப்பு நாரையெல்லாம் செதுக்கித் தள்ளினேன். வாய்ச்சி மழுங்கிக்கொண்டே வந்ததே, அதையாவது கவனித்திருக்கலாம்.

"பொண்ணு பாக்க வந்தவனக் குளிப்பாட்டித்தான் உள்ள விடுவீயளோ, வே?" என்றார் அவர், தண்ணீரில் நின்றபடியே ஐயாவிடம்.

கரையில் நின்ற அவர் சம்சாரம் சிரிக்கவில்லை. "சகுனம் சரியில்ல. வண்டியப் பூட்டச் சொல்லுங்க" என்று திரும்பிவிட்டாள்.

அக்கா பூவைக்கூட எடுக்காமல் அடுக்களையில் உட்கார்ந்திருந்தாள். "ஏலே, நீ படிச்சத என் தலையிலதானா பரீட்ச பாக்கணும்?" என்று ஒன்றுதான் கேட்டாள். அழுதிருந்தால் தேவலை.

ஐயா நேரில் போய் மன்னிப்புக் கேட்டு வந்தார். அந்த மனிதர் சொன்னதை வீட்டில் எல்லோர் முன்னாலும் அப்படியே சொன்னார்: "வாரோம் வே. ஆனா தடி போட்ட பய என்னைய முதுகுல சுமந்துக்கிட்டு அதுல நடக்கணும். எங்க வீட்டுக்காரிக்கு அப்பத்தான் மனசு ஆறும்."

சித்தப்பாமார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் தலை நிமிரவில்லை.

மறுநாளே இன்னொரு பனை கேட்டேன். இந்தத் தடவை கறுப்பில் வாய்ச்சி படாது. இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில், நார்ப்புறம் தண்ணீரைப் பார்க்க, பிளந்த தட்டைப்புறம் மேலே வரப் போட வேண்டும். அப்புறம் முதுகில் ஒரு நெல்மூட்டையை ஏற்றிக்கொண்டு நடந்து பார்க்க வேண்டும், அவர் வருவதற்கு முன்னால்.