மூன்றாம் பள்ளத்துக் கழி

செல்லப்பனிடம் புத்திமதி வாங்காமல் சித்தேரியில் இறங்கிய வெளியூர்க்காரன் கிடையாது. கேட்டால்தான் சொல்வார் என்றில்லை, கேட்காவிட்டாலும் விடமாட்டார். உறுவையாற்றைத் தாண்டி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே கிடக்கும் அந்த ஏரியில் முப்பது வருஷமாக வலை போடுகிற மனுஷன். கரைமேல் ஒரு பைக் நின்றால் போதும், கை வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து நிற்பார். தெப்பத்தில் எழுந்து நிற்காதே, வீசுவதானாலும் உட்கார்ந்து வீசு. லுங்கியோடு தண்ணீரில் இறங்காதே, காலைச் சுற்றிக்கொள்ளும். தூண்டில் நரம்பைக் கையில் சுற்றிக்கொள்ளாதே, பெரிய விரால் இழுத்தால் விரலே போய்விடும். இடி இடித்தால் தூண்டிலைக் கீழே போட்டுவிட்டுக் கரையேறு. எவனாவது முழுகினால் பாய்ந்து போய்க் கட்டிப்பிடிக்காதே, நீளமாக எதையாவது நீட்டு.

கடைசியாகக் கழி பற்றிச் சொல்வார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும்.

சில வருஷங்களுக்கு முன்னால் ரோடு வேலைக்கென்று ஏரிக்குள் மண் எடுத்தார்கள். எடுத்தவர்கள் போய்விட்டார்கள், ஏழு பள்ளங்கள் தங்கிவிட்டன. இடுப்பளவு தண்ணீரில் நடந்துகொண்டே போகலாம், அடுத்த அடியில் பனைமரம் முழுகும் ஆழம். முதல் மழையிலேயே ஒரு எருமை போனது. அதிலிருந்து ஏரி காயும் வைகாசியில் செல்லப்பன் உள்ளே நடந்துபோய், ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பிலும் ஒரு மூங்கில் கழியை நட்டு, உச்சியில் சிவப்புத் துணி கட்டிவிடுவார். யாரும் கேட்டுக்கொண்டதில்லை. ஆனால் ஊரே அந்த ஏழு துணிகளைப் பார்த்துத்தான் மாட்டை இறக்கியது.

மரியதாஸுக்கும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். மரியதாஸ் வில்லியனூர்க்காரர், மின்துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் ரீல் தூண்டிலோடு வந்துவிடுவார். செல்லப்பனைவிட ஏழெட்டு வயது மூத்தவர், ஆனாலும் 'வாத்தியாரே' என்றுதான் கூப்பிடுவார். 'கழிக்குப் பத்தடி முன்னாலயே நின்னுடு சார். கழி இல்லாத எடத்துல நடக்கலாம், பயமில்ல' என்று செல்லப்பன் சொன்னதை வேதவாக்காக வைத்துக்கொண்டார். பத்தடி தள்ளி நின்று, தூண்டிலில் தவளையைக் கோத்து வீசி, பள்ளத்து விராலை இழுத்துவிடுவார்.

அதுதான் வினையாகப் போயிற்று. மாசி மாதம் தண்ணீர் வற்ற வற்ற, பெரிய மீனெல்லாம் பள்ளத்தில் இறங்கி நிற்கும். ஏழு பள்ளத்திலும் மூன்றாவதுதான் பெரிது, கோடை முழுக்கச் செல்லப்பன் வீட்டு உலை கொதிப்பதே அதை நம்பித்தான். மரியதாஸ் மூன்று வாரம் தொடர்ந்து அதில் விரால் பிடித்தார். பிடித்ததோடு விட்டாரா? செல்போனில் படம் எடுத்து, 'கழி தெரியுதா பாருங்க, அங்கதான் பெருசு' என்று தூண்டில்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். அடுத்த ஞாயிறு எட்டுப் பேர் வந்து நின்றார்கள். செல்லப்பனுக்கு வயிறு எரிந்தது. சொல்லிக்கொடுத்த வாயை நாமே கிழித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று வீட்டில் புலம்பினார்.

புதன்கிழமை தெப்பத்தில் போய் மூன்றாவது கழியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். கழி இல்லாவிட்டால் எவனுக்கும் இடம் தெரியாது, அவ்வளவுதான் அவர் கணக்கு. மனைவி கண்ணகியிடம் அடி அழுகிவிட்டது, வேறு நட வேண்டும் என்றார். கண்ணகி அதை வாங்கித் தட்டிப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. அதையே எடுத்து, தொய்ந்து கிடந்த கொடிக்கயிற்றுக்கு முட்டுக் கொடுத்து, ஈரப் புடவைகளைக் காயப்போட்டாள்.

வியாழக்கிழமை, 'வேற நட்டுட்டியா?' என்று கேட்டாள். இல்லை. வெள்ளிக்கிழமையும் கேட்டாள். சனிக்கிழமை காலை அவர் திருக்கனூரில் ஒரு காதுகுத்துக்குக் கிளம்பும்போது, 'அந்த எடம் பாக்கவே நல்லால்ல. மாடு கன்னு எறங்குற எடம்' என்றாள். அவருக்கும் அந்த நாலு நாளாகச் சோறு ருசிக்கவில்லை. இரண்டாவது துணிக்கும் நாலாவது துணிக்கும் நடுவே தண்ணீர் மட்டும் தெரிவது, பல் விழுந்த வாயைப் பார்ப்பதுபோல் இருந்தது. ஆனால் கழியை நட்டால் நாளைக்கு எட்டுப் பேர் பதினாறாவார்கள். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று பஸ் ஏறிவிட்டார்.

ஞாயிறு காலை திரும்பி வரும்போது, பஸ் ஜன்னல் வழியே ஏரிக்கரையில் மரியதாஸின் ஸ்கூட்டர் தெரிந்தது. பக்கத்தில் செருப்பு. மற்ற எட்டுப் பேரும் இன்னும் வந்து சேரவில்லை. ஆளைக் கரையில் காணவில்லை. அப்போதுதான் செல்லப்பனுக்குத் தான் சொன்னது முழுதாக நினைவுக்கு வந்தது. கழி இல்லாத எடத்துல நடக்கலாம், பயமில்ல. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினார்.

மரியதாஸ் உள்ளே வெகுதூரம் போயிருந்தார். தண்ணீர் இடுப்புக்கு இருந்தது. தூண்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அங்குமிங்கும் பார்த்தபடி மெல்ல நடந்தார். செல்லப்பன் நினைத்தபடியேதான் நடந்தது, மரியதாஸுக்கு இடம் தெரியவில்லை. இடம் தெரியாதவன் எங்கே கால் வைப்பான் என்பதைத்தான் செல்லப்பன் நினைக்கவில்லை.

தெர்மாகோல் தெப்பத்தில் குப்புற விழுந்து, துடுப்பாக வைத்திருக்கும், ஒரு சாண் நீளமுள்ள இரண்டு பலகைகளால் தள்ளிக்கொண்டு போனார். 'நில்லு சார். கால எடுக்காத' என்று கத்தினார். எதிர்க்காற்று. மரியதாஸ் குரல் கேட்டுத் திரும்பினார், முகம் மலர்ந்தது.

'வாத்தியாரே, மூணாவது கழி எங்க? தேடிகினே இருக்கேன்.'

சொல்லிக்கொண்டே அவரைப் பார்த்து ஓரடி வைத்தார். அவ்வளவுதான். தொப்பி மட்டும் மிதந்தது.

ஒருமுறை கை மேலே வந்தது. நீட்டுவதற்கு எதையாவது தேடி செல்லப்பன் தெப்பத்தைத் துழாவினார். இருந்தது சாண் பலகைதான். நீளமானது வீட்டில் புடவையைத் தாங்கிக்கொண்டு நின்றது. குதித்தார். நாலுமுறை முழுகினார். சேறுதான் கையில் வந்தது.

பதினோரு மணிக்குத் தீயணைப்புக்காரர்கள் உடலை எடுத்துக் கரையில் போட்டார்கள். போலீஸ்காரர் அங்கே கழி இருந்ததா என்று கேட்டார். இருந்தது, போன வாரக் காற்றில் போயிருக்கும் என்று ஊர்க்காரர்களே சொல்லிவிட்டார்கள். பாவம் செல்லப்பன் உயிரைக் கொடுத்துத் தேடினார் என்றார்கள். ஒருவர் உலர்ந்த துண்டைக் கொண்டுவந்து அவர் தோளில் போர்த்தினார். யாரும் அவரைச் சந்தேகப்படவில்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

மரியதாஸின் மனைவி செல்வகுமாரி வந்தாள். அழுது ஓய்ந்ததும், செல்லப்பன் யார் என்று கேட்டு அவரெதிரே வந்து உட்கார்ந்தாள்.

'தண்ணியில எறங்காதன்னு ஒவ்வொரு வாரமும் நான் சண்ட போடுவேன். செல்லப்பன் சொல்லிக் குடுத்திருக்காரு, கழி இல்லாத எடத்துலதான் எறங்குவேன், நீ பயப்படாதன்னு சொல்லுவாரு. இன்னிக்கும் அதாங்க சொல்லிட்டு வந்தாரு.'

செல்லப்பன் எழுந்தார். துண்டை எடுத்து அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். வாசலில் நின்ற கண்ணகி அவர் முகத்தைப் பார்த்தாள். கொடியிலிருந்த புடவைகளை ஒவ்வொன்றாக உருவித் தோளில் போட்டுக்கொண்டாள். அவர் கழியை எடுத்தார். சிவப்புத் துணி இன்னும் உச்சியில்தான் இருந்தது.

அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பட்டப்பகலில் தெரு நடுவே ஏரிக்கு நடந்தார். கரையிலிருந்தவர்கள் முதலில் அவரைப் பார்த்தார்கள், பிறகு துணியைப் பார்த்தார்கள். கூட்டம் விலகி வழி விட்டது. போலீஸ்காரர் எழுதிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய், கழியை அவர் எதிரில் தரையில் வைத்தார்.

'காத்துல போவல சார். நான்தான் புடுங்குனேன்' என்றார்.