"கட்டிக் காட்டு தாயி" என்று கேட்ட மனிதர்

சவரிமுத்து சார் இறந்துவிட்டார் என்று எங்கள் மில் மேனேஜரே போனில் சொன்னார். "மாரடைப்பாம். மாத்திரைய ஒழுங்காப் போட்டிருக்க மாட்டாரு. கவனக்குறைவுதான்." ஆள் செத்த பிறகும் பழியை அவர் தலையிலேயே போடுகிறார் பாருங்கள்! 

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திண்டுக்கல்லுக்கு வெளியே இருக்கும் எங்கள் நூற்பாலையில் அவர் பாதுகாப்பு அதிகாரி. நான் முதலுதவி அறை நர்ஸ். மாரியம்மாளின் விரல்கள் பஞ்சு எந்திரத்தில் சிக்கிய அன்று கட்டுப் போட்டவள் நான்தான். "அவளாத்தான் கைய விட்டா" என்று மேனேஜர் அப்போதே முடிவு கட்டிவிட்டார். அவள் தப்பு என்றாகிவிட்டால் வேலை போய்விடும்.

சார் முதல் வேலையாக மேனேஜரை வெளியே இருக்கச் சொன்னார். எந்திரத்தை நிறுத்திவிட்டு, அதன் பக்கத்திலேயே அங்கே வேலை செய்யும் பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். அந்த எந்திரத்தின் கதவைத் திறந்தால் அது தானாக நின்றுவிடும். திறந்தாலும் நிற்காமல் ஓடுவதற்காக, கதவுச் சுவிட்சைச் சேலைத் துணியால் இழுத்துக் கட்டி வைப்பது அங்கே வழக்கம். யார் கட்டியது என்று அவர் கேட்கவே இல்லை. துணியை நீட்டி, "எப்பிடின்னு கட்டிக் காட்டு தாயி" என்றார். அத்தனை பேரும் ஒரே மாதிரி முடிச்சுப் போட்டார்கள். பக்கத்து எந்திரத்தில் நிற்கும் செல்வி அழுதேவிட்டாள். "சூப்பர்வைசர்தான் சார் சொல்லிக் குடுத்தாரு. மிசின் நின்னா அம்புட்டு வசவு வாங்கணும்" என்றாள்.

சார் அதை அப்படியே மேலே சொன்னார். மேனேஜர் சும்மா இருப்பாரா? வேறொரு அதிகாரியை வரவழைத்து, தன் அறையில், தன் கண் முன்னாலேயே மறுபடி விசாரிக்க வைத்தார். செல்வி உட்பட எல்லோரும் மாரியம்மாளின் கவனக்குறைவு என்றார்கள். அவள் வேலை போனது.

"செல்வியெல்லாம் ஒரு மனுசியா சார்?" என்று கொதித்தேன்.

"பயந்தவள வையாதீங்க சிஸ்டர். அவளுக்கும் பிள்ளகுட்டி இருக்குல்ல" என்றார். கொஞ்ச நாளில் அவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அடக்கத்துக்கு மில்லிலிருந்து பெரிய மாலை வந்தது. "எங்க குடும்பத்துல ஒருத்தர்" என்று மேனேஜர் கூசாமல் பேசினார். மாரியம்மாள் கையை முந்தானைக்குள் வைத்தபடி ஓரமாக நின்றிருந்தாள். "ஏன் கைய விட்டேன்னுதான் எல்லாரும் கேட்டாக. ரொம்ப வலிக்குதான்னு கேட்டது அவரு ஒருத்தருதான் சிஸ்டர்" என்றாள்.

சார், நீங்கள் யார் மீதும் வன்மம் வைக்காமல் போய்விட்டீர்கள். எனக்கு அந்த மனசு வரவில்லை. நீங்கள் வேண்டாமென்று விட்டுப்போன கோபத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.