கதவு திறக்கும் பொத்தான்

மாவட்டம் பிரிந்த புதிதில் மாற்றலாகி இந்த ஊருக்கு வந்தோம். எனக்குக் கலெக்டர் ஆபீஸில் வேலை. என் கணவருக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர் வேலை. செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெரு ஒன்றில் பழைய வீடாகப் பார்த்து வாங்கினோம். பத்துப் பதினைந்து வருடம் அந்த வீட்டில் எதையும் மாற்ற வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

ஒரு நாள் காலை பிரேயர் முடிந்து பையன்களை வரிசையாக வகுப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தபோது அவர் மைதானத்தில் சரிந்து விழுந்தார். பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தபோது வலது கையும் வலது காலும் அவருடையவையாக இல்லை. மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும் குரல் குழறிப் போயிருந்தது.

அப்போதுதான் வீட்டை முதல்முறையாகப் பார்த்தேன். சுவிட்சுகள் எல்லாம் தோள் உயரத்தில். ஒவ்வொரு அறைக்கும் ஒரு வாசற்படி. தெருக்கதவின் தாழ்ப்பாள் உச்சியில். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு அந்த வீட்டில் கைக்கு எட்டிய ஒரே பொருள் ஜன்னல் கம்பிதான்.

நான் ஒன்பது மணிக்கு வேங்கிக்காலில் இருக்கும் ஆபீஸுக்குக் கிளம்பினால் திரும்ப ஆறு ஆகும். மதியம் பக்கத்து வீட்டுப் பெண் வந்து சாப்பாடு எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவாள். அவள் வருவதற்காகக் கதவைத் தாழ் போடாமல் வெறுமனே சாத்தி வைப்போம். ஒரு பௌர்ணமியன்று கிரிவலம் வந்த யாரோ ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறார். பாத்ரூமுக்குப் போயிருக்கிறார், பானையில் தண்ணீர் மொண்டு குடித்திருக்கிறார், கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். இவருக்கு "யாருப்பா நீ" என்று கேட்கக்கூட வாய் வரவில்லை.

சாயங்காலம் அதைச் சொல்லி முடிக்க அவருக்கு அரை மணி நேரம் ஆனது. "வீடா இது, சத்திரமா?" என்றார். பிறகு, "யார் வந்தாலும் கதவ நான்தான் திறக்கணும்" என்றார்.

வீட்டை மாற்றிக் கட்டுவது என்று அன்றைக்கு முடிவானது.

கொழுந்தன் சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்தார். அண்ணன் மேல் உயிர். "அண்ணி, இப்பல்லாம் எல்லாத்துக்கும் மிஷின் வந்துடுச்சு. வீடே அண்ணனப் பார்த்துக்கும், நீங்க கவலைப்படாதீங்க" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு அட்டைப்பெட்டி நிறைய வாங்கிக்கொண்டு வந்து கூடத்தில் பரப்பினார். ஃபேனுக்கும் லைட்டுக்கும் ரிமோட். தொட்டி நிரம்பினால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவி. கட்டிலிலிருந்து பொத்தானை அழுத்தினால் தெருக்கதவைத் திறந்துவிடும் மின்பூட்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, கைதட்டினால் விளக்கு எரியும் சுவிட்ச் ஒன்று.

அதைத்தான் முதலில் மாட்டிக் காட்டினார். "கை தட்டினா போதும்ண்ணே." தட்டினார். எரிந்தது. மறுபடி தட்டினார். அணைந்தது. "இப்ப நீ தட்டுண்ணே."

அவருடைய இடது கை மேலே எழுந்தது, அப்படியே நின்றது. வலது கை மடியில் கிடந்தது. கொழுந்தனுக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. என் கணவர் என்ன நினைத்தாரோ, இடது கையால் தொடையில் ஓங்கி ஓர் அடி அடித்தார். எரியவில்லை. இன்னும் பலமாக அடித்தார். எரிந்தது. அவரே முதலில் சிரித்தார். கொழுந்தன் கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அந்த சுவிட்ச் ஒரு வாரம் இருந்தது. குக்கர் விசில் அடித்தால் எரியும், கதவை அறைந்து சாத்தினால் அணையும். கழற்றச் சொல்லிவிட்டேன்.

வயரிங் வேலைக்கு வந்தவர் கீழ்பென்னாத்தூர்க்காரர். ஐம்பது வயது இருக்கும். வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் அவர் கேட்ட கேள்விகளே எனக்கு அலுப்பாக இருந்தன. "சார் எந்தப் பக்கமா படுப்பாரு? நாற்காலியில உக்காந்தா இடது கை எதுவரைக்கும் போகும்?" என்று கேட்டு, சுண்ணாம்புக் கட்டியால் சுவரில் கோடு போட்டுக்கொண்டார். சாயங்காலம் மீட்டரை வைத்து வோல்டேஜ் பார்த்தார். "ஆறு மணிக்கு மேல ரொம்பக் கம்மியா வருது மேடம். இந்த ரிமோட் ஐட்டமெல்லாம் இதுக்குத் தாங்குமான்னு தெரியல. வாங்குனவரு கடையில கேட்டாரா?"

"நல்ல கம்பெனின்னு சொன்னாரு" என்றேன்.

"கம்பெனி நல்லதாத்தான் இருக்கும். நம்ம தெருவுல வர கரண்ட அவங்க பார்த்திருக்க மாட்டாங்க." மின்பூட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கரண்ட் போனா இது பூட்டியே நிக்குமா, திறந்து நிக்குமா? அத மொதல்ல கேளுங்க மேடம்."

நான் கேட்கவில்லை. ஆபீஸில் அப்போது ஆடிட் நடந்துகொண்டிருந்தது. வீடு முழுக்க சிமெண்ட் தூசி. வாசற்படிகளை உடைத்துச் சரிவாகப் பூசிக்கொண்டிருந்தார்கள். அவரைக் குளிப்பாட்டி, சமைத்து, மணல் வந்ததா என்று பார்த்துவிட்டு பஸ் ஏறுவதற்குள் எனக்கு ஒரு நாள் முடிந்துபோன மாதிரி இருக்கும். கொழுந்தன் போனில், "அதான் இன்வெர்ட்டர் போடுறோமே அண்ணி, கரண்ட் போனா என்ன?" என்றார். சரி என்று பூட்டை மாட்டச் சொன்னேன். எலக்ட்ரீஷியன் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு மாட்டினார்.

முதல் மூன்று மாதம் நன்றாகத்தான் இருந்தது. மதியம் பக்கத்து வீட்டுப் பெண் மணி அடிப்பாள், அவர் பொத்தானை அழுத்துவார், கதவு திறக்கும். அந்தப் பூட்டோடு இரண்டு சாவிதான் வந்தது. இந்த ஊரில் அதற்கு நகல் எடுக்க ஆள் கிடைக்கவில்லை என்று ஒன்றைக் கொழுந்தன் சென்னைக்கு எடுத்துப் போயிருந்தார். இன்னொன்று என் கைப்பையில்.

அன்றைக்கும் பௌர்ணமி. வெயில் காலம். மூன்று மணி சுமாருக்கு ஆபீஸ் போனில் பக்கத்து வீட்டுப் பெண் கூப்பிட்டாள்.

"அக்கா, காலையில போன கரண்ட் இன்னும் வரல. உங்க இன்வெர்ட்டரும் நின்னுடுச்சு போல. கதவு திறக்க மாட்டேங்குது. அண்ணன் கட்டில்லருந்து கீழ விழுந்துட்டாரு. அடியெல்லாம் படலைன்னு சொல்றாரு. நீங்க வந்துடுங்க."

இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் சொல்லியிருந்தார். மூன்று மாதத்தில் ஒரு தடவைகூட நான் ஊற்றவில்லை. போனை வைக்கும்போதே அது ஞாபகம் வந்துவிட்டது.

பௌர்ணமி என்பதால் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டிருந்தார்கள். ஆட்டோவும் பாதிவரைதான் வந்தது. இறங்கி நடந்தேன். செங்கம் ரோடு முழுக்க ஜனம். வெறுங்காலோடு, பாட்டு பாடிக்கொண்டு, மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். நான் டிபன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போனேன். ஒருவர், "பொறுமையா நடங்கம்மா, மலை எங்கயும் போயிடாது" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து, கம்பி வழியாகக் கையை விட்டுச் செய்தித்தாளால் உள்ளே விசிறிக்கொண்டிருந்தாள். அவர் கட்டிலிலிருந்து ஜன்னல் வரைக்கும் இடது கையாலேயே தரையில் ஊர்ந்து வந்திருக்கிறார். இளநீர் உறிஞ்சும் குழாயைக் கம்பிக்குள் விட்டு அவள் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். சாவியைப் போட்டுத் திறந்து உள்ளே போனேன். வேட்டி நனைந்திருந்தது. அந்தப் பொத்தானை, அதன் வயரோடு சேர்த்து இடது கையில் பிடித்திருந்தார்.

"அமுக்கி அமுக்கிப் பார்த்தேன்" என்றார்.

அவரைத் தூக்கி உட்காரவைக்க எங்கள் இரண்டு பேராலும் முடியவில்லை. நானும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. கால் வலிதான் தெரிந்தது.

மறுநாள் எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் வந்து, நடந்ததைக் கேட்டுக்கொண்டார். "நான் அன்னிக்கே சொன்னேன்" என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அவரோடு ஒரு தச்சரும் வந்திருந்தார். இந்த முறை அவருடைய கேள்விகளுக்கு நான் பதில் சொல்லவில்லை. எதுவானாலும் என் கணவரிடமே கேட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றேன். பூட்டைக் கழற்றினார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் கைக்கு நேராக வரும் உயரத்தில் ஒரு நீளமான கைப்பிடி வைத்தார்கள். விரலால் பிடிக்க வேண்டியதில்லை, புறங்கையால் அழுத்தினாலே திறக்கும். வெளியிலிருந்து திறக்க எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஆளுக்கொரு சாவி. கதவில் கண் உயரத்துக்கு, அதாவது அவர் உட்கார்ந்த கண் உயரத்துக்கு, வெளியே நிற்பவரைப் பார்க்க ஒரு சின்னத் துளைக்கண்ணாடி. அகலமான சுவிட்சுகள், சுண்ணாம்புக் கோடு போட்ட இடத்தில். காலிங்பெல் மட்டும் பேட்டரியில் ஓடுவது.

மோட்டார் கருவியை என்ன செய்வது என்று கேட்டேன். "அது இருக்கட்டும் மேடம். அது கெட்டாலும் தண்ணிதான் வழியும்" என்றார்.

கொழுந்தனிடம் போனில் சொன்னேன். "நான் ஒரு வார்த்தை கடையில கேட்டிருக்கணும் அண்ணி" என்றார். "நானும்தான் கேட்கல" என்றேன்.

கதவைத் திறக்க என் கணவருக்கு நேரம் ஆகும். நாற்காலியை உருட்டி, சுவரில் இடித்து, பின்வாங்கி, மறுபடி நேராக்கி வர வேண்டும். முதலில் தபால்காரர் பொறுமையில்லாமல் ஜன்னலில் போட்டுவிட்டுப் போவார். போகப் போக அவரும் காத்து நின்றார். கேஸ் சிலிண்டர்காரரும் நின்றார். பௌர்ணமிக்கு யாராவது தண்ணீர் கேட்டு மணி அடித்தால், இவர் துளையில் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் திறப்பார். பிடிக்காவிட்டால், "தெருக்கோடியில குழாய் இருக்கு" என்பார். அந்த மூன்று வார்த்தையைத் தெளிவாகச் சொல்லப் பழகியிருந்தார்.

என் பையில் சாவி இருந்தது. ஆனாலும் ஆறு மணிக்கு வந்தால் மணியைத்தான் அடிப்பேன். காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு வாசல் சரிவிலேயே உட்கார்ந்து, உள்ளே சக்கரம் உருளும் சத்தத்தைக் கேட்டபடி கண்ணை மூடிக்கொள்வேன். சில நாள் அவர் கதவைத் திறந்து என் தோளைத் தட்டித்தான் எழுப்ப வேண்டியிருக்கும்.